புல் விதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய வாத்தியார் ஓய்வு பெற்றதும் சுருக்கமாகப் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நம் பள்ளி மைதானத்தில் புல்தரை அமைக்கப் பழைய மாணவர்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பணம் வந்திருக்கிறது. வருகிற சித்திரை 1 அன்று எல்லோரும் ஊரில் கூடும்போது, கண்மாயிலிருந்து நாலு டிராக்டர் வண்டல் அடித்து, மேலே புல் விதையைத் தூவிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. நல்ல மனசு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விதை தூவும் தேதியை மட்டும் ஆறு மாதம் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது வரலாறு ஒன்றுதான். அதை வைத்தே காரணம் சொல்கிறேன்.

முதலில் மைதானத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது மேற்குப் பக்கத்து வேம்பும் புங்கையும் சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். நிழல் போனதும் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. அங்கே முளைத்தது கோரை. நிழல் அதற்கு ஆகாது. வெயில் கிடைத்தால் விடாது. கிழக்குப் பக்கம், கபடி ஆடும் இடத்தைச் சுற்றி, பழைய அருகு இன்னும் திட்டுத்திட்டாக இருக்கிறது. வேலியோரம் பார்த்தீனியம். பின்பக்கம் சீமைக் கருவேலம். ஆக, நீங்கள் விதை தூவப் போவது வெற்று நிலத்தில் இல்லை. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருக்கிற நிலத்தில்.

கோரையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1977இல் ஹோம் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்தின் மிக மோசமான களைகள் எவை என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். அதில் முதல் இடம் நம் கோரைக்கு. கரும்பு, நெல், பருத்தி, காய்கறி என்று எந்தப் பயிரையும் அது விட்டுவைக்கவில்லை. சரி, இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? நம் அருகம்புல்லுக்கு! பிள்ளையாருக்கு மாலையாகப் போடுகிறோமே, கல்யாணத்தில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அதே அருகுக்கு. வயலில் வந்தால் களை, மைதானத்தில் வந்தால் செல்வம். களை என்பது செடியின் சாதி இல்லை. அது நிற்கிற இடத்தைப் பொறுத்து நாம் வைக்கிற பேர். கோரைக்கும் இது பொருந்தும். அதன் கிழங்குதான் சித்த மருத்துவத்தில் முத்தக்காசு. நாட்டுமருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், வயலில் காசு கொடுத்துப் பிடுங்குகிறோம்.

கோரை ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் அது புல் இனம் இல்லை. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும். மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு ஓடி, அதன் நுனியில் அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகும். சங்கிலி அறாமல் இருக்கும் வரை பல கிழங்குகள் முளைக்காமல் தூங்கும். நீங்கள் மேலே இருக்கிற செடியைப் பிடுங்கும்போது சங்கிலி அறுகிறது. தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் விழித்துக்கொள்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருகிறது என்று நம் பெண்கள் களை எடுக்கும்போது சொல்வது வெறும் சலிப்புப் பேச்சு இல்லை, உண்மையே அதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். புல் விதை கடுகைவிடச் சிறியது. முளைத்துத் தரையைப் பிடிக்கப் பல வாரம் வேண்டும். கிழங்கில் சோற்றைக் கட்டிவைத்திருக்கிற கோரையோ தண்ணீர் பட்ட ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடும். புல்லுக்கென்று நீங்கள் ஊற்றும் தண்ணீரும் போடும் எருவும் முதலில் யாருக்குப் போகும்? அதற்கு மேல், கண்மாய் வண்டல் அடிப்பது. கண்மாய்க்குள் கோரை எப்படி மண்டிக் கிடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். வண்டல் நல்ல உரம், மறுக்கவில்லை. நம் முன்னோர் குடிமராமத்தில் தூர் வாரி அதை வயலுக்குத்தான் அடித்தார்கள். ஆனால் வயலை அதற்குப் பிறகு உழுதார்கள், காயப்போட்டார்கள், களை எடுத்தார்கள். மைதானத்தில் வண்டலைக் கொட்டி அப்படியே விதை தூவினால், நாலு டிராக்டர் கோரைக்கிழங்கை வாடகை கொடுத்து அழைத்து வந்ததாகத்தான் முடியும்.

நம்மவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பார்ப்போம். திருக்குறளில் உழவு அதிகாரத்தை நீங்கள் எல்லோரும் ஒப்பித்திருக்கிறீர்கள். உழுத புழுதியைக் கால் பங்காகும் வரை காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எரு இடுவது நல்லது, களை எடுத்த பிறகு நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது நல்லது என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். களை எடுப்பது முடிந்த பிறகுதான் மற்றது. செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவர்களை அரசன் தண்டிப்பதற்கே களை எடுப்பதைத்தான் உவமையாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்குச் சட்டென்று விளங்கக்கூடிய வேலையாக அது இருந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டம் காவிரிப் படுகை மாதிரி இல்லை. மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பிய வானம் பார்த்த பூமி. புழுதி விதைப்பு இங்கே அதனால்தான் பழக்கமானது. கோடை மழை ஒன்று பெய்ததும் உழுது, மண்ணைப் புரட்டிப் போட்டு, சித்திரை வெயிலில் காயவிடுவார்கள். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழியில் கோரையின் மரண ரகசியமும் இருக்கிறது. கோரைக்கிழங்கில் பெரும்பாலானவை மேல் அரையடி மண்ணுக்குள்தான் கிடக்கும். அவற்றை வெளியே புரட்டிப் போட்டு ஈரம் வற்ற வெயிலில் கருகவிட்டால் செத்துப்போகும். அதே கிழங்கை ஈர மண்ணில் கிளறினால் நாற்று நட்ட மாதிரி. ஒரே உழவுதான். சித்திரையில் செய்தால் களையெடுப்பு, ஐப்பசியில் செய்தால் கோரை நடவு.

மிச்சம் இருப்பதைக் களைக்கொத்தோடு குனிந்து எடுத்தவர்கள் நம் பெண்கள். அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இந்த மாவட்டத்தின் நெல்லையும் கடலையையும் காப்பாற்றிய அந்த முதுகுகளைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு பத்தி இல்லை. இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருடைய பள்ளிக் கட்டணமும் சீருடையும் களையெடுப்புக் கூலியில் வந்தவை. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒரு பெரிய கதை. சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று சொல்வோமே, அது நம் நாட்டுச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தச் சாயத்தின்மேல் ஆசை. 1780களில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். 1795இல் சாயப்பூச்சி என்று நினைத்து ஒரு பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது வேறு இனம். சாயம் உருப்படியாக வரவில்லை. ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இதைப் பார்த்துவிட்டு 1836 முதல் 1838 வரை அதே பூச்சியைத் தென்னிந்தியாவில் கள்ளியை அழிப்பதற்கென்றே விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியைத் திட்டமிட்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் வெற்றி பெற்றதில் உலகிலேயே முதல் நிகழ்வு என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் இன்னொரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அது பெருகியது. அதற்கு 1926இல் வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

என் அப்பத்தா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர் எல்லையெல்லாம் கள்ளிக்காடாக இருந்ததாகச் சொல்வார். பிறகு ஒரு காலத்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பிடித்துக் கள்ளி அழுகி விழுந்ததாம். "சாமி குத்தம்னு நெனச்சோம்டா, அப்புறம் பாத்தா ஆடு மேய எடம் கெடச்சுது" என்பார். படித்தவன் நான் புத்தகத்தில் கண்டுபிடித்த காரணத்தை, படிக்காத அப்பத்தா கண்ணால் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்குத் தெரிகிற பாடம் இது. ஒன்றை அழித்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். எது வர வேண்டும் என்று நாம் முடிவு செய்யாவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும்.

சீமைக் கருவேலம் இதற்குச் சரியான சாட்சி. 1876இல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி, வறண்ட பகுதிக்கு விறகு வேண்டும் என்று இதன் விதையைக் கேட்டு எழுதினார். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பா பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். நல்லெண்ணத்தில் வந்த மரம்தான். நம் பக்கம் எத்தனையோ வீட்டு அடுப்பு அதில் எரிந்திருக்கிறது, கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. அதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைக் கண்மாய்க்குள்ளும் வரத்துவாரிக்குள்ளும் போட்டது. கண்மாய்கள் காடாயின.

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லிக் கடுமையாக உத்தரவு போட்டதும் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. அதற்குள் பல இடங்களில் மேலே வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. வேரோடு எடுத்து, அந்த இடத்தில் உடனே நாட்டு மரம் நட்ட இடங்களில்தான் பலன் நின்றது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு அந்த இடத்தின் இயற்கையை மீட்பதையும் அது சேர்த்தே பேசுகிறது. அதாவது களை எடுப்பதும் விதை போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. ஒன்றை விட்டு ஒன்று நிற்காது.

வேலியோரப் பார்த்தீனியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி இது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலோடு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே இங்கே இருந்ததற்கும் பழைய தாவரப் பதிவுகள் உண்டு. 1980களில் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து 1984இல் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைத் தின்கிறது, ஆனால் முழுதாக ஒழிக்கவில்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். எனவே மூன்றே விதி. பூப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பிடுங்கவே கூடாது. "சேவை நாள்" என்று யாராவது யோசனை சொன்னால் நீங்களே தடுத்துவிடுங்கள்.

இனி, குழுவில் ஒரு தம்பி கேட்ட கேள்வி: "சார், இதெல்லாம் எதுக்கு, ஒரு மருந்து அடிச்சா போச்சே?"

மருந்துக்கும் வரலாறு உண்டு தம்பி. இந்தியாவில் களைக்கொல்லியை முதலில் முயன்றது 1937இல், பஞ்சாபில். அடித்தது ஆர்சனிக் உப்பு, அதாவது பாஷாணம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் 2,4-டி வந்தது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும் என்பதால் உலகமே கொண்டாடியது. ஆனால் கோரையில் மேலே கருக்குமே தவிர, கிழங்குச் சங்கிலியை முடிக்காது. 1974இல் கிளைபோசேட் சந்தைக்கு வந்தது. அது இலை வழியாக வேருக்கு இறங்கும், ஆனால் அருகையும் சேர்த்துக் கொல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வேறு அரசு அமைப்புகள் அதை ஏற்கவில்லை, விவாதம் நடக்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. விவாதம் எப்படியும் முடியட்டும். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு கபடி ஆடி, விழுந்து, மண்ணை வாயில் வைக்கிற இடம் இது. அங்கே எனக்கு மருந்து வேண்டாம். வெயில் இலவசமாக இருக்கும்போது எதற்கு?

ஆகவே என் யோசனை இது. வகுப்பில் எழுதிப் போடுவது போல வரிசையாகச் சொல்கிறேன்.

சித்திரை 1 அன்று கூடுங்கள். விழா நடத்துங்கள். ஆனால் விதைக்குப் பதிலாகக் கலப்பையைக் கொண்டுவாருங்கள். கிழக்குப் பக்கம் அருகு இருக்கிற திட்டுகளைக் கயிறு கட்டித் தனியாக விட்டுவிடுங்கள். அங்கே இடையில் நிற்கிற கோரையை மட்டும் கடப்பாரையால் ஆழமாகக் கிளறிக் கிழங்கோடு எடுத்தால் போதும். மேற்குப் பக்கத்தை அரையடி ஆழம் உழுங்கள், மண் காய்ந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மறு உழவு. மேலே வந்த கிழங்கைச் சீவிச் சேர்த்துப் பள்ளிக்கு வெளியே காயப்போட வேண்டும். நடுவில் கோடை மழை பெய்தால் தரை காயும் வரை டிராக்டரை உள்ளே விடாதீர்கள்.

ஆனி, ஆடியில் ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டு வேண்டுமென்றே களையை முளைக்க விடுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தப்பிப் பிழைத்த கிழங்குகள் எல்லாம் தலைகாட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களைக்கொத்தால் மேலாகக் கொத்த வேண்டும். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தன் கையிருப்பைச் செலவு செய்கிறது. புதுக் கிழங்கு கட்ட அவகாசம் கொடுக்காமல் நாலைந்து முறை கொத்தினால் கையிருப்பு தீர்ந்துவிடும். ஒருமுறை தவறினாலும் அது மறுபடி சேமித்துவிடும். இந்த வேலைக்கு ஊரில் களையெடுத்துப் பழகிய பெண்களையே கூப்பிடுங்கள், நியாயமான கூலி கொடுங்கள். வண்டலுக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போகட்டும்.

புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், புல் போடுங்கள். விதையைவிட அருகந்தண்டு நடுவது நல்லது. சீக்கிரம் தரையை மூடும். கிழக்குத் திட்டிலிருந்தே தண்டு எடுக்கலாம். ஆனால் வேரை நீரில் அலசி, கோரைக்கிழங்கு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நட வேண்டும். மண்வகை பற்றிச் சந்தேகம் இருந்தால் வம்பன் பண்ணையிலோ குடுமியான்மலை வேளாண் கல்லூரியிலோ போய்க் கேளுங்கள். நம் மாவட்டத்துக்கென்று இருக்கிற இடங்கள் அவை. கஜாவில் சாய்ந்த மரங்களின் இடத்தில் ஓரமாக வேம்பும் புங்கையும் மறுபடி வையுங்கள். நிழல் வளர வளரக் கோரை தானாக ஒதுங்கும்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், வாரம் ஒருமுறை ஒருவர் மைதானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். காலையில் எப்படியும் நடக்கத்தான் போகிறேன், கையில் ஒரு களைக்கொத்தோடு நடப்பேன்.

நீங்கள் அனுப்பிய பணத்தில் சிலர் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்ததும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது கோரைக்குத் தீனியாகக் கூடாது. புரட்டாசியில் நட்டால், அடுத்த தை மாத விளையாட்டு விழாவில் பிள்ளைகள் புல்லில் ஓடுவார்கள். சித்திரையில் தூவினால், ஒரு நல்ல புகைப்படம் மட்டும் கிடைக்கும்.

ஒப்புதல் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மறுப்பு உள்ளவர்களும் எழுதுங்கள். இப்போது பிரம்பு இல்லை, பயப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்